நாலு கம்பியும் இரண்டு அளவையும்

உண்மையை அறியும் அளவைகள் எத்தனை? மணிமேகலைக் காப்பியத்தில், தன் கொள்கையைச் சொல்லும்படி மணிமேகலை வஞ்சியில் கேட்டபோது, வியாசருக்குப் பத்து, சைமினிக்கு ஆறு என்று வைதிகவாதி அடுக்கினான். காஞ்சியில் அறவண அடிகள் காட்சி (நேரே உணர்வது), கருத்து (ஊகித்து அறிவது) என இரண்டோடு நிறுத்திக்கொண்டார். மற்றவை கருத்துக்குள் அடங்கிவிடும் என்பது அவர் சொன்ன பௌத்த தருக்கம்.

காஞ்சிபுரம் மாவட்டம் ராஜகுளத்தில் ஒரு திருவிழா மேடை. பேஸ் கிட்டாரோடு ஒருவர் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கும் இதே வழக்குதான். கம்பி சுருதியில் நிற்கிறது என்று எதைக் கொண்டு முடிவு செய்வது? காதா, டியூனரா?

டியூனர் காட்டுவது காட்சி அல்ல, கருத்து. புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது போல, அதிர்வை எண்ணி அது சுரத்தை ஊகிக்கிறது. ஊகத்துக்குக் காரணமான ஏது பிழைத்தால் முடிவும் பிழைக்கும். மணிமேகலைக் காப்பியம் அதை ஏதுப்போலி என்று தனியே விளக்குகிறது. பேஸில் இது அடிக்கடி நடக்கும். தடித்த ஈ கம்பியின் அதிர்வு நொடிக்கு 41.2 மட்டுமே. செல்போனின் சிறிய மைக் அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சரியாக வாங்காது. போதாக்குறைக்குப் பக்கத்தில் தவில். கிட்டாரின் தலையில் கவ்வும் கிளிப் டியூனர் மரத்தின் அதிர்வை நேராக எடுப்பதால் கூச்சலுக்குத் தப்பும். ஆனால் தாழ்ந்த கம்பியில் அதுவும் சில சமயம் தடுமாறும்.

மேடைக்குப் பெடல் டியூனரே மேல். கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் அதன் இன்புட்டுக்குப் போகட்டும். அவுட்புட்டிலிருந்து மற்ற எஃபெக்ட் பெடல்கள், கடைசியில் ஆம்ப். டிஸ்டார்ஷனுக்குப் பின்னால் மாட்டினால் கலங்கிய ஒலியைத்தான் அது அளக்கும். பெரும்பாலான பெடல்களில் காலால் மிதித்தால் ஆம்ப் மௌனமாகும், கூட்டத்துக்குக் கேட்காமல் சுருதி கூட்டலாம். ஈ கம்பியில் டியூனரின் முள் அலைந்தால், பன்னிரண்டாம் ஃபிரெட்டின் மேல் விரலை லேசாக வைத்து ஹார்மானிக் எழுப்பினால் போதும். அதிர்வு இரட்டித்து 82.4 ஆகும், முள்ளும் அடங்கும்.

இணைப்பெல்லாம் சரியானாலும் வழக்கு தீராது. ஈ கம்பியின் ஐந்தாம் ஃபிரெட் ஹார்மானிக்கையும் ஏ கம்பியின் ஏழாம் ஃபிரெட் ஹார்மானிக்கையும் சேர்த்து மீட்டினால் ஓர் அலைவு கேட்கும். அது முற்றிலும் அடங்கும்வரை காதால் கூட்டிவிட்டு டியூனரைப் பார்த்தால், இரண்டு சென்ட் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தள்ளியிருப்பதாகச் சொல்லும். கருவி பழுதில்லை. சுத்தமான பஞ்சமம் 702 சென்ட். கீபோர்டுக்கும் டியூனருக்கும் பொதுவான சமப் பகுப்பில் அது 700. அந்தர காந்தாரத்தில் இடைவெளி இன்னும் பெரிது: 386-க்கு 400. அலைவைக் கேட்கும் காதுக்குச் சுரத்தின் பெயர் தேவையில்லை. பெயரும் சாதியும் கலவாத உணர்வே காட்சி என்ற அறவண அடிகளின் விளக்கத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஏ சுரத்துக்கு நொடிக்கு 440 அதிர்வு என்று முள் நம்பும் எண்ணோ காட்சியுமல்ல, கருத்துமல்ல. 1939-இல் லண்டனில் கூடிய மாநாடு ஏற்ற ஒப்பந்தம் அது. பிரான்சு 1859-இல் 435 என்று சட்டம் போட்டிருந்தது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் மூன்றாவதாக ஏற்கும் உரை (நூல்வாக்கு) அளவையின் இடத்தில் மனிதர் போட்ட ஒப்பந்தம் உட்கார்ந்திருக்கிறது. கர்நாடக இசை இந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டதே இல்லை. பாடுகிறவர் குரல் நிற்கும் இடமே சட்ஜம்.

ஆகவே கீபோர்டுடன் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் முள்ளை நம்பலாம், தவறில்லை. நாதஸ்வரத்தோடு சேரும்போது தீர்ப்பு காதுக்கே. நாதஸ்வரத்தின் சுருதியை நினைத்தபடி ஏற்றி இறக்க முடியாது. பேஸின் பிரடையைத் திருகலாம். டியூனரின் காலிப்ரேஷனை அந்தச் சுருதிக்கு நகர்த்திவிட்டு, பேஸைக் கடைசியாகக் காதால் கூட்டுங்கள்.