யார் வீட்டு டீ?

ஜன்னலைத் திறந்து வையுங்கள், கொஞ்சம் காற்று வரட்டும். சாவிக்கொத்தை மேசை மேல் போட்டுவிட்டு இப்படி வந்து உட்காருங்கள். உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

அடுத்தவர் ஊரில் போய்க் குடியிருப்பவன் தன் வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கினால் தப்பா? அந்த ஊர்க் கடையில் கிடைக்காததைச் சொந்த ஊரிலிருந்து பார்சலில் வரவழைத்துச் சாப்பிட்டால், இருக்கிற ஊருக்குத் துரோகம் செய்தவன் ஆவானா?

'நாக்குக்கு ஏதுங்க தேசபக்தி? இது ஒரு கேள்வியா?' என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், லிஸ்பனில் வேலை பார்க்கும் ஒரு தம்பி போனில் ஒரு கதை சொல்லும் வரை.

போர்ச்சுகலின் தென்கோடியில் அல்கார்வ் என்று ஒரு கடற்கரைப் பிரதேசம். வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயில். இங்கிலாந்தின் மழையிலும் குளிரிலும் காலமெல்லாம் உத்தியோகம் பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து செட்டில் ஆகியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் லாகோஸ் என்று ஒரு பழைய துறைமுக ஊர். நைஜீரியாவில் இருக்கும் லாகோஸ் வேறு. நம் தம்பி நாலு நாள் லீவில் அங்கே போய், ஒரு பாட்டி வீட்டு மாடி அறையில் வாடகைக்குத் தங்கினார்.

பக்கத்து வீட்டில் ஒரு ஆங்கிலேயர். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்துவிட்டார். ஊருக்கு வந்து பதினொரு வருஷம். உள்ளூர் சரித்திரத்தில் அவருக்கு அப்படி ஒரு ஆர்வம். கையில் ஒரு நோட்டு, கழுத்தில் ஒரு கேமரா. 1755 நவம்பர் 1-ம் தேதி வந்த பூகம்பத்தில் லாகோஸில் என்னென்ன இடிந்தது, கடல் எதுவரை வந்தது என்று கை காட்டிச் சொல்வாராம். 'அல்கார்வ்' என்ற பெயரே அரபு மொழியில் 'மேற்கு' என்பதிலிருந்து வந்தது என்று தம்பிக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

மாதம் ஒரு பார்சல் அவருக்கு இங்கிலாந்திலிருந்து தங்கை அனுப்புவார். டீத்தூள் பை, ஆரஞ்சு மார்மலேட், பிஸ்கெட், ஒரு துண்டு சீஸ். பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு வெளியே வந்ததும் இதில் சிக்கல். 2021 ஜனவரியிலிருந்து அந்தப் பார்சலுக்கு கஸ்டம்ஸ் பாரம் வேண்டும், வரி விழும். மாமிசமும் பால் சாமான்களும் அடியோடு கூடாது. ஒரு தடவை பார்சலுக்குப் பதிலாக ஒரு கடுதாசி வந்தது. எல்லாம் போர்ச்சுகீசில். பதினொரு வருஷமாக இருக்கிறவருக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. தயங்கித் தயங்கிப் பாட்டி வீட்டுக் கதவைத் தட்டினார்.

பாட்டி கூடவே தபாலாபீசுக்குப் போனார். இரண்டு பேரும் எந்த மொழியில் பேசிக்கொண்டார்கள் தெரியுமா? பிரெஞ்சில். இவருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சு. அந்த அம்மாவுக்கு பாரிசில் இருபது வருஷம் வீடு கூட்டித் துடைத்து வந்த பிரெஞ்சு.

கியூவில் நிற்கும்போது, "உள்ளே அப்படி என்ன இருக்கு?" என்று பாட்டி கேட்டார். "டீ" என்றார் இவர், கொஞ்சம் வெட்கத்தோடு. பாட்டி சிரிக்கவில்லை. "நான் பாரிசுக்கு உப்புக்கண்டம் போட்ட மீன் கொண்டு போவேன். ரயிலில் பக்கத்தில் ஒருத்தரும் உட்கார மாட்டார்கள்" என்றார்.

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன்.

முதலில் அந்த டீ. இங்கிலாந்து அரண்மனையில் டீ குடிப்பதை நாகரிகமாக்கியது யார்? 1662-ல் இரண்டாம் சார்லஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த கேதரின் என்ற போர்ச்சுகல் இளவரசி. சீதனமாக நம்ம பம்பாயையே கொண்டு வந்தாரே, அதே பெண்மணிதான். புகுந்த வீட்டில் பிறந்த வீட்டுப் பழக்கத்தை விடாமல் குடித்தது, அந்த நாட்டுக்கே பழக்கமாகிவிட்டது. மார்மலேட்? போர்ச்சுகீசில் 'மர்மேலோ' என்று ஒரு பழம் உண்டு. அதைக் காய்ச்சிச் செய்வது 'மர்மெலாதா'. அந்தப் பெயர்தான் லண்டன் போய் ஆரஞ்சில் ஒட்டிக்கொண்டது. ஆக, போர்ச்சுகலில் உட்கார்ந்துகொண்டு 'எங்க ஊர் ருசி' என்று அந்த மனிதர் வரவழைத்ததில் பாதி, போர்ச்சுகலிலிருந்து போனது.

சரி, பாட்டியின் மீன் மட்டும் யாருடையது? 'பக்கல்யாவ்' என்று அந்த உப்புக்கண்டத்துக்குப் பெயர். கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி அது இல்லாத போர்ச்சுகீசிய வீடு அபூர்வம். ஆனால் அந்த 'காட்' மீன் போர்ச்சுகல் கடலில் கிடையாது. ஒரு காலத்தில் நியூஃபவுண்ட்லாந்து வரை கப்பலில் போய்ப் பிடித்து வந்தார்கள், இப்போது பெரும்பாலும் நார்வேயிலிருந்து வருகிறது. ஒரு நாட்டின் தேசிய உணவே இறக்குமதிச் சரக்கு!

ஆகவே, வீட்டு ருசிக்கு ஏங்குவது தப்பே இல்லை என்று முதல் தீர்ப்பைச் சொல்லிவிடலாம். அது எல்லோருக்கும் உண்டு. எது வீட்டு ருசி என்பதில்தான் எல்லோரும் ஏமாந்திருக்கிறோம்.

அதோடு முடிந்தால் இது சமையல் குறிப்பு. விஷயம் இனிமேல்தான்.

1957-லிருந்து 1974 வரை போர்ச்சுகலிலிருந்து வெளியேறியவர்கள் சுமார் 14 லட்சம் பேர். நாட்டின் மொத்த ஜனத்தொகையே 90 லட்சம்தான். வறுமை, சலஸாரின் சர்வாதிகாரம், ஆப்பிரிக்கக் காலனிகளில் யுத்தம். பல பேர் பாஸ்போர்ட் இல்லாமல் மலை தாண்டி பிரான்சுக்குப் போனார்கள். கூட்டிப்போகும் தரகனுக்குப் பணம் கொடுப்பதில் ஒரு ஏற்பாடு இருந்தது. போகிறவன் தன் போட்டோவை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை வீட்டில் கொடுத்துவிட்டுப் போவான். பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததும் மறு பாதியைத் தபாலில் அனுப்புவான். இரண்டும் பொருந்தினால்தான் தரகனுக்கு மீதிப் பணம். ரசீது! அப்படிப் போனவர்கள் பாரிசுக்கு வெளியே ஷாம்பினி என்ற இடத்தில் சேற்றுக்கு நடுவே தகரக் கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் கிடந்தார்கள்.

அந்த மீனை வேகவைத்தபோது அவர்களை அக்கம்பக்கம் என்ன சொல்லியிருக்கும்? 'வந்த இடத்தில் ஒட்டமாட்டேன் என்கிறார்கள், நாற்றம் தாங்கவில்லை.' அதே காரியத்தை அல்கார்வில் ஒரு பென்ஷன்காரர் செய்தால்? 'பாவம், வயசானவர், டீ இல்லாமல் இருக்க முடியாது.' ஏக்கம் ஒன்றுதான். பர்ஸ் கனத்தால் அதற்குப் பெயர் பழக்கம், பர்ஸ் மெலிந்தால் அதற்குப் பெயர் பிடிவாதம். மனிதர்களுக்கும் அப்படியே. காசோடு வருகிறவர் 'எக்ஸ்பாட்', கையை வீசிக்கொண்டு வருகிறவர் 'இமிக்ரன்ட்'.

இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். அல்கார்வுக்கு நேர் வடக்கே ஒதெமிரா. பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே ராஸ்ப்பெரி விளையும் ஊர். பறிப்பவர்கள் பெரும்பாலும் நேபாளம், இந்தியா, பங்களாதேஷிலிருந்து வந்தவர்கள். 2021-ல் கொரோனாவுக்காக அரசாங்கம் அந்த வட்டாரத்தில் இரண்டு ஊர்களை அடைத்தபோதுதான், அவர்கள் ஒரு வீட்டுக்குள் எப்படி அடைந்து கிடந்தார்கள் என்று நாட்டுக்கே தெரிந்தது. சிலரைத் தனிமைப்படுத்த ஒரு விடுமுறைக் குடியிருப்பை அரசாங்கம் எடுத்துக்கொண்டதும், அங்கே வீடு வைத்திருந்தவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். அவர்கள் பறித்த பழம் சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழையும்போது மட்டும் யாரும் தடை கேட்கவில்லை.

இப்போது தபாலாபீஸ் கியூவுக்குத் திரும்புவோம்.

பார்சல் கிடைத்தது. சீஸை எடுத்துக்கொண்டு டீயைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் அந்தப் பெரியவர் மரியாதைக்காகக் கேட்டார்: "உங்கள் பேரன் முன்னெல்லாம் இங்கே சைக்கிளில் சுற்றுவானே, எங்கே ஆளைக் காணோம்?" பாட்டி சொன்னார்: "ஓட்டலில் சமையல் வேலை செய்கிறான். கல்யாணம் ஆயிற்று. இந்த ஊர் வாடகை அவனுக்குக் கட்டாது. உள்ளே தள்ளி நாற்பது கிலோமீட்டரில் இருக்கிறான்." கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கிறது என்கிற மாதிரி சொன்னாராம்.

பெரியவர் அதற்கப்புறம் வீடு வரும் வரை பேசவில்லை.

நான் படித்தது பி.காம். மறந்தது போக மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு விதிகள்தான். 'பெறுபவரைப் பற்று எழுது, கொடுப்பவரை வரவு எழுது.' இதில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த இன்னொரு விஷயம், விடுபிழை. ஒரு கொடுக்கல் வாங்கலை நோட்டில் எழுதாமலே விட்டுவிட்டால், பற்றிலும் இருக்காது, வரவிலும் இருக்காது. அதனால் கடைசியில் டிரையல் பேலன்ஸ் போட்டுப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழகாகப் பொருந்தும். தப்பு இருப்பதே தெரியாது. பிழைகளிலேயே சொகுசான பிழை இதுதான்.

அந்தப் பெரியவரின் கணக்கும் அப்படிப் பொருந்தித்தான் இருந்தது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. 2009-ல் போர்ச்சுகல் அரசாங்கமே ஒரு சலுகை கொடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறுபவரின் வெளிநாட்டுப் பென்ஷனுக்குப் பத்து வருஷம் வரி கிடையாது. 2020-ல் புதிதாக வருபவர்களுக்கு 10 சதவிகிதம் என்று ஆக்கினார்கள், 2024-ல் திட்டத்தையே மூடினார்கள். அவர் வந்தார், வாடகை கொடுத்தார், கடையில் சாமான் வாங்கினார். சட்டப்படி எல்லாம் சரி. பாட்டியின் பேரன் தன் சம்பளத்துக்கு வரி கட்டினான். 2024-ல் அந்த நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 820 யூரோ. வீட்டுக்குப் போட்டி போட வந்தவர்களின் கை அதைவிட நீளம். இது பெரியவர் தலையில் மட்டும் விழுகிற பழி இல்லை. வீட்டை விற்றவரும், சலுகை கொடுத்த அரசாங்கமும், லீவுக்கு மாடி அறை எடுத்துத் தங்கிய நம் தம்பியும் அதில் ஒவ்வொரு வரி. ஆனால் அந்த வரி அவர் நோட்டில் இல்லவே இல்லை. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் விழுந்த சுவர் தெரிந்தவருக்கு, பக்கத்து வீட்டிலிருந்து பேரன் போனது தெரியவில்லை.

சரித்திர ஆர்வத்திலும் இந்த விடுபிழை உண்டு. 1444 ஆகஸ்ட் 8. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த 235 பேரை அந்த லாகோஸில்தான் கரை இறக்கிப் பங்கு பிரித்தார்கள். குதிரை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த இளவரசர் ஹென்றிக்கு ஐந்தில் ஒரு பங்கு. தாய் ஒரு பங்கிலும் பிள்ளை வேறு பங்கிலும் விழுந்து கதறியதை அரசாங்கத்து வரலாற்று ஆசிரியர் சூராராவே எழுதி வைத்திருக்கிறார். 2009-ல் அதே ஊரில் கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது, பழைய குப்பைமேட்டில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. குப்பையோடு குப்பையாக. போர்ச்சுகல் தொடங்கியதில் பின்னாளில் இங்கிலாந்தும் பெரிதாகவே பங்கெடுத்தது. கோட்டைச் சுவரை மட்டும் போட்டோ எடுத்தால் சரித்திரமும் பொருந்தித்தான் போகும்.

'அவங்க ஊர்க் கதை நமக்கெதுக்கு?' என்கிறீர்களா? முதலில் நான் உங்களைத் திறக்கச் சொன்ன ஜன்னல் போர்ச்சுகீசிய 'ஜனேலா'. கையிலிருந்த சாவி அவர்களுடைய 'ஷாவ்'. மேசை அவர்களுடைய 'மெசா'. மூலையில் நிற்கும் அலமாரியும் அவர்கள் கொடுத்ததுதான். மிளகாயும் முந்திரியும் அன்னாசியும் அவர்கள் கப்பலில் வந்தவை. வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளுக்கு நாம் பார்சல் கட்டும் ஊறுகாயில் மிளகாயை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? கொடுத்ததை எழுதும்போது எடுத்ததையும் எழுத வேண்டும். 1619-ல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து, நல்லூர்க் கோயிலை இடித்தவர்களும் அவர்கள்தான். 'ஏலம்' என்ற சொல்லும் அவர்களிடமிருந்தே நமக்கு வந்தது.

இந்தக் கடன்களையெல்லாம் யாரும் அடைத்துத் தீர்க்க முடியாது. 1444-க்கு யார் வட்டி போடுவது? ஆனால் நோட்டில் எழுத முடியும். அடுத்தவர் ஊரில் வாழ்பவன் தன் டீயை விட வேண்டியதில்லை. இருக்கிற இடத்தின் மொழியில் நாலு வார்த்தை, பக்கத்து வீட்டாரின் கஷ்டம், தன் சௌகரியத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்ற நினைப்பு... இதைக் கேட்க அந்த ஊருக்கு உரிமை உண்டு. ராஸ்ப்பெரி பறிக்கிறவனிடம் மட்டும் கேட்டுவிட்டு, பென்ஷன்காரரிடம் கேட்காமல் விடுவது நியாயமில்லை. ஊரிடமிருந்து அதிகம் வாங்கிக்கொள்கிறவனுக்குத்தான் அதிகம் கேள்வி இருக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பெரியவர் ஒரு டப்பா டீயோடு பாட்டி வீட்டுக்கு வந்தாராம். பதினொரு வருஷத்தில் முதல் முறை. வாசலில் நின்று, தெரிந்த ஒரே போர்ச்சுகீசிய வார்த்தையைச் சொன்னார்: "ஒப்ரிகாதோ."

போர்ச்சுகல் போகும் எல்லோரும் முதல் நாளே கற்றுக்கொள்ளும் வார்த்தை அது. 'தேங்க்ஸ்' என்று நினைத்துச் சொல்கிறோம். நேர் அர்த்தம் என்ன தெரியுமா? 'கடமைப்பட்டிருக்கிறேன்.'

அடுத்த வாரம் முதல் பாட்டியிடம் போர்ச்சுகீசு கற்றுக்கொள்ளப் போவதாகச் சொல்லியிருக்கிறாராம். "கத்துக்குவாரா அண்ணே?" என்று கேட்டார் தம்பி. எனக்கென்ன தெரியும்? "நீ முதல்ல அந்த மாடி ரூமுக்குக் குடுத்த வாடகையைப் பத்தி யோசி" என்றேன்.