கூண்டுக்கிளியின் பேச்சு

யாழ்ப்பாணத்துப் பனந்தோப்புகளில் மாலைவேளை கூட்டமாய் வந்தடையும் பச்சைக்கிளிகள் தனித்து வாழும் இயல்பின அல்ல. பட்ட பனையின் பொந்திலிருந்து குஞ்சைக் கவர்ந்து கூண்டிலிட்டு, அது நம்மொழி பேசுங்கால் மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சி அறமாகுமா?

கிளி தன் கூட்டத்தின் ஒலியைக் கற்று அதனோடு ஒன்றுவது. கூட்டமிழந்தபின் நம்மையே சுற்றமாகக் கொள்கின்றது. ஆதலின் அதன் பேச்சில் உறவுக்கான விண்ணப்பமே ஒலிக்கின்றது. தனித்து வளர்ந்த ஆபிரிக்கச் சாம்பற்கிளிகளின் நிறமூர்த்த முனைகள், இணையோடு வாழ்ந்தவற்றினும் குறுகியிருத்தலை வியன்னா ஆய்வாளர் 2014இல் வெளியிட்டனர். தனிமை உடலையும் தொடுகின்றது.

உணவளித்தோம் என்பது விடையாகாது. இரைதேடப் பழகாததைத் திடீரெனப் பறக்கவிடுதலும் தீங்காகலாம். எனவே, இனிப் பொந்தைத் தீண்டாமையும், கூண்டிலிருப்பதற்குத் துணைநல்குதலுமே நம் கடன். பிறிதோருயிரின் சுற்றத்தைப் பறித்தவர், அதன் சுற்றமாகும் பொறுப்பினின்று நீங்கவியலாது.