கறுத்த கம்பியும் ஏழு திரையும்

சிவப்பு என்றால் ஆபத்து என்று பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ரோலிங் மில்லில் காலம் தள்ளியவனுக்கு அந்தப் பாடம் பாதிதான் உதவும். சிவந்த கம்பியை யாரும் தொடப்போவதில்லை. கையைப் பொசுக்குவது கறுத்த கம்பிதான்.

உலையை விட்டு வெளியே வரும் பில்லெட் என்னும் எஃகுக் கட்டை ஏறத்தாழ 1,100 டிகிரி சூட்டில் மஞ்சளும் ஆரஞ்சுமாகத் தகதகக்கும். ரோல்களுக்குள் புகுந்து புகுந்து மெலிந்து, தண்ணீர்ப் பெட்டிக்குள் பாய்ந்து வரும்போது மேல்தோல் கறுத்துவிடும். நடுவில் சூடு அப்படியே இருக்கும். அந்த உள்சூடு மெல்ல மேலேறித் தோலைப் பதப்படுத்துவதால்தான் டிஎம்டி கம்பி உறுதியாகவும் இருக்கிறது, வளைத்தால் வளைந்தும் கொடுக்கிறது. ஆறவைக்கும் கூலிங் பெட்டில் கிடக்கும் அந்தக் கம்பி பகல் ஷிப்டில் கறுப்பாகத் தெரியும். அதே சூட்டில் உள்ள கம்பி இரவு ஷிப்டில், விளக்கு எட்டாத மூலையில், மங்கிய சிவப்பாகத் தெரியும். 500 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் இருட்டிலும் ஒளிராது. ஆனால் தொட்டால் தோல் கையோடு இருக்காது. புதிதாக வருகிற பையன் பீகாரோ, ஒடிசாவோ, திருத்தணியோ, நான் முதலில் சொல்வது இதுதான்: "தம்பி, நிறத்தைப் பார்த்து முடிவு கட்டாதே. புறங்கையைத் தள்ளிக் காட்டு, அனல் அடிக்கிறதா பார்."

அப்படியானால் நிறம் சொல்லும் சேதி எங்கே இருக்கிறது? கம்பியிலா, வெளிச்சத்திலா, பார்க்கிறவன் பழக்கத்திலா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு வள்ளலார் நினைவுக்கு வருவார். எனக்கு ஊர் பொன்னேரி. பக்கத்திலேயே சின்னக்காவணம், வள்ளலாரின் தாயார் சின்னம்மையார் பிறந்த ஊர். 1823இல் மருதூரில் பிறந்த இராமலிங்கம், அதாவது பின்னாளில் வள்ளலார், கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பனார் காலமாகிவிட, அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இங்கேதான் வந்தார். பிறகுதான் சென்னை. அந்தப் பிள்ளை வளர்ந்து 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தபோது, ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகளைத் தொங்கவிட்டார். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லாம் கலந்த கலப்புத் திரை. ஒவ்வொன்றும் ஒரு சக்தி. ஒவ்வொன்றும் ஆன்மாவின் அறிவை மூடும் மறைப்பு.

எங்கள் பக்கத்துக் கோயில்களில் நிறம் வேறு வேலை செய்கிறது. சிறுவாபுரி முருகனுக்கு முன்னால் மரகதப் பச்சை மயில். ஆடியில் பெரியபாளையம் அம்மன் கோயிலுக்குப் போகிற சாலையெல்லாம் மஞ்சள் புடவை, வேப்பிலை. அங்கே நிறம் நம்மைச் சாமியிடம் கூட்டிப்போகிறது. வடலூரிலோ விலகி வழிவிட வேண்டியதாக அது நிற்கிறது. எனக்கு மலைப்பாக இருப்பது ஐந்தாவதும் ஆறாவதும்தான். பொன் திரை ஞானசக்தி. ஞானமே ஒரு திரையாம்! ஆறாவது வெள்ளை. காவி உடுத்தாமல் வெள்ளை உடுத்திய துறவி, தன் உடம்பில் போட்டிருந்த நிறத்தையும் திரைகளில் ஒன்றாகவே வைத்தார். இந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

பச்சை மனதை அமைதிப்படுத்தும், நீலம் நம்பிக்கை தரும் என்று இப்போது அட்டவணை போட்டுச் சொல்கிறார்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மில்லில் யாரோ சொன்னார்கள் என்று ஓய்வறைக்கு இளம்பச்சை அடித்தார்கள். மே மாதம். யாருக்கும் அமைதி வரவில்லை. அந்த அறைக்கு வேண்டியிருந்தது ஒரு மின்விசிறி.

கார்த்திகை பிறந்தால் காலை ரயிலில் கறுப்பு வேட்டியோடு ஐயப்பனுக்கு மாலை போட்ட சாமி ஏறுவார். எதிர் இருக்கையில் கறுப்புச் சட்டையோடு திராவிடர் கழகத் தோழர். ஒருவருக்கு அது விரதம், மற்றவருக்கு அது பெரியார். மில்லில் இரண்டு பேரும் ஒரே யூனியன்.

அதற்காக நிறமெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. கேஸ் கட்டிங் செய்பவன் கறுப்பு சிலிண்டர் ஆக்ஸிஜன், மெரூன் சிலிண்டர் அசிட்டிலின் என்பதை மறந்தால் கொட்டகையே பறக்கும். அது எல்லாரும் கூடி ஒப்புக்கொண்ட ஏற்பாடு. காரணமும் கேட்டால் சொல்ல முடியும். என் பாட்டியிடம் யார் ஒப்புதல் கேட்டார்கள்? தாத்தா போன பதினாறாம் நாளிலிருந்து அவளுக்கு வெள்ளைப் புடவைதான். பேத்தி கல்யாணத்தில் பந்தலுக்கு வராமல் சமையற்கட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். அதே வெள்ளை எங்கள் மில்லில் அதிகாரியின் ஹெல்மெட். அது வந்தால் எல்லாரும் எழுந்து நிற்போம். இதில் நிறத்தின் குணம் எங்கே வந்தது? சாகும்வரை பாட்டியின் உடம்பில் கிடந்தது மற்றவர்கள் போட்ட திரை.

கணவன் இறந்தால் மனைவியின் தாலியை வாங்க வேண்டாம் என்று எழுதிவைத்தவரும் வள்ளலார்தான். தைப்பூசத்தன்று ஏழு திரை விலக ஜோதி பார்த்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் பழைய கதைதான். உங்கள் வீட்டில் அடுத்து நடக்கும் கல்யாணத்தில், பந்தலுக்கு வராமல் ஒதுங்கி நிற்கிற அத்தையையோ பெரியம்மாவையோ கையைப் பிடித்து உள்ளே கூட்டிவாருங்கள். மஞ்சள் குங்குமத் தட்டை முதலில் அவர்களிடம் நீட்டுங்கள்.