தொடர்கதையின் பிற்பகுதியும் அதன் கடனும்

நீண்டு செல்லும் கதையொன்றின் தொடக்கம் ஏன் சுவைக்கிறது என்பதற்கு விடை கூறுதல் எளிது. புதிய நிலம், புதிய மாந்தர், இன்னும் எதுவும் கைமீறிப் போய்விடவில்லை என்ற நம்பிக்கை ஆகியன அதற்குப் போதும். அக்கதையின் பதினைந்தாம் இரவோ முப்பதாம் தொகுதியோ தொடக்கத்தையும் விஞ்சி நிற்குமாயின் அதற்குக் காரணங் காட்டுதல் அத்துணை எளிதன்று. புதுமை தேய்ந்துவிட்டது, மாந்தரின் இயல்பு அறியப்பட்டுவிட்டது, கதைசொல்லியின் தந்திரங்கள் கூடக் கேட்போனுக்குப் பழகிவிட்டன. இந்நிலையிற் பிற்பகுதி சிறப்பது எதனால்? சுவைபற்றிய வினாவாகத் தோன்றும் இதனுள்ளே அறவினாவொன்றும் அடங்கிக் கிடக்கிறது: முன்னர் நிகழ்ந்தவற்றிற்குப் பின்னர் வருவோன் எவ்வகையிற் கடன்பட்டவன் என்பதே அது.

ஈழத்து மலையகத்திலே காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு ஒருங்கு வைத்து எண்ணப்படுவது பொன்னர் சங்கர் கூத்து. கொங்குநாட்டு அண்ணன்மார் கதையே தோட்டத் தொழிலாளரோடு கடல்கடந்து வந்து இக்கூத்தாயிற்று. கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 இல் கொங்குநாட்டு ஊரொன்றில் இக்கதையைப் பாடகர் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தபோது அது 18 இரவுகள் நீண்டது; பதிவு ஏறத்தாழ 38 மணிநேரம். பின்னாளில் அவரே இதனை 26 பகுதிகள் கொண்ட அசைவோவியத் தொடராகவும் சித்திரக்கதைகளாகவும் வெளிவரச் செய்தார். யப்பானிய மங்காவுக்கும் நாட்டார் பாட்டுக்கும் என்ன உறவு என்று கேட்போர், பல இரவு நீளும் கதைக்கும் பல தொகுதி நீளும் கதைக்கும் உள்ள இடர்கள் ஒன்றே என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

பெக் பதிவுசெய்த வடிவத்தில் முற்பகுதி முழுவதும் பெற்றோரின் கதையாகும். வெள்ளையுள்ளமும் வேடிக்கைப் பேதைமையும் கொண்ட குன்றுடையானும் அவன் மனைவி தாமரையும் பிள்ளையின்றி வருந்துகின்றனர். தாமரை இருபத்தோராண்டு தவமிருக்கிறாள். சிவன் அவளை மீண்டும் மீண்டும் மாளச் செய்து உயிர்ப்பிக்கிறான். முடிவில் இரட்டையராகிய பொன்னரும் சங்கரும், அவர்தம் தங்கையும் பிறக்கின்றனர். ஆயினும் அப்புதல்வர்க்கு விதிக்கப்பட்ட ஆயுள் பதினாறே ஆண்டு. பிற்பகுதியிலே கொம்பன் என்னும் காட்டுப்பன்றி, வேட்டுவரோடு பகை, போர் என வீரச்செயல்கள் நிறைகின்றன. இவை ஆரவாரமானவை, கூத்துமேடையில் மிக விரும்பப்படுவனவும் இவையே. ஆனால் பிற்பகுதியின் உயிர் இவற்றிலில்லை. தம் காலம் முடிந்ததை உணர்ந்து அண்ணன்மார் தம்முயிரைத் தாமே மாய்த்துக் கொள்கின்றனர். தங்கை தேடிவந்து அவர்களை எழுப்புகிறாள். அவர்கள் எழுகின்றனர், அவளோடு சிறிது பேசுகின்றனர், பின் மீண்டும் சாய்கின்றனர்.

இக்கட்டம் தனித்து நின்றாற் சாதாரணச் சோகக்காட்சியே. பல இரவுகளுக்கு முன் தாமரை எத்தனை முறை உயிர்த்தெழுந்தாள் என்பதை அறிந்தவனுக்கோ அது வேறு. அங்கே உயிர்ப்பு அருளாக வந்தது, எழுந்தவள் வாழ்ந்தாள். இங்கே அதே உயிர்ப்பு வருகிறது, எழுந்தவர் நிலைப்பதில்லை. தங்கை எழுப்பியபோது கேட்போன் உள்ளத்திற் பிறக்கும் நம்பிக்கையைப் பிற்பகுதி தானாக உண்டாக்கவில்லை. முற்பகுதி கொடுத்த நம்பிக்கையை வாங்கி அதன் விலையைச் சொல்கிறது. தாமரையின் தவம் எதற்காகவென்பதும் அப்போதுதான் முழுதாக விளங்குகிறது. பதினாறு ஆண்டுக்காக இருபத்தோராண்டு. அவள் பேரத்தில் ஏமாந்தாளா என்று கதை கேட்கவில்லை. கேட்காமலிருப்பதே அதன் பெருமை.

இதற்கு மறுதலையாக அகிரா தொரியாமாவின் 'டிராகன் பால்' மங்காவை நோக்கலாம். 1984 முதல் 1995 வரை வாரந்தோறும் வெளிவந்த இத்தொடர் 519 அத்தியாயங்கள் கொண்டது. அதன் உலகில் ஏழு மாயக் கோளங்களைத் திரட்டினால் மாண்டவரை மீட்கலாம். முதன்முறை இவ்வாறு நிகழ்ந்தபோது அது நெஞ்சை உருக்குகிறது. ஆனால் மீட்பு வழக்கமாகிவிடவே, சாவின் பாரம் குறைகிறது. அதனை ஈடுசெய்ய மேலும் வலிய பகைவன், மேலும் பெரிய போர் என்று தொடர் ஏறிக்கொண்டே செல்கிறது. தொரியாமாவின் தூரிகைத் திறனைக் குறைகூற எவராலும் இயலாது. வாசகர் அனுப்பும் வாக்கு அட்டைகளைக் கொண்டு தொடர்களின் தரவரிசையை மதிப்பிடும் இதழொன்றில், பத்தாண்டுக்கு மேலாக வாரந்தோறும் வரைந்தவர் மீது முழுப்பழியையும் சுமத்துதல் நீதியுமன்று. எனினும் பிற்பகுதி முற்பகுதியைவிடப் பெரிதாக இருந்தாற் போதும் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு இது தக்க சான்று.

தமிழ்த் தொடர்கதை வாசகர்க்கு இவ்விடத்திற் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நினைவிற்கு வருதல் இயல்பு. 1950 முதல் 1954 வரை வெளிவந்த அந்நாவலின் இறுதிப்பாகத்திலே ஆதித்த கரிகாலன் கொலையுண்கிறான். கொன்றவர் யாரென்பது ஐயத்திற்கிடமாகவே விடப்படுகிறது. மர்மம் தீராமை குறையென்பார் உளர். எத்தனையோ பேர் அச்சாவுக்குத் தாமே காரணம் என்று தம்முள் நடுங்கும்படி அமைத்த ஆசிரியர், ஒரு கையை மட்டும் சுட்டிக்காட்டி ஏனையோரை விடுவித்துவிட மறுத்தார் என்று கொள்வதே பொருத்தமாகும்.

மங்கா உலகிலும் கடனறிந்த பிற்பகுதிகள் உண்டு. மக்கொத்தோ யுக்கிமுராவின் 'வின்லாந்து சாகா' 2005 இல் தொடங்கி 2025 இல் நிறைவுற்றது. தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கவே வாழும் தோர்பின் என்னும் இளைஞன் அதன் நாயகன். எட்டாம் தொகுதியின் ஈற்றில் அப்பகைவனை வேறொருவன் கொன்றுவிடுகிறான். பழிவாங்கும் கதையில் பழிவாங்கும் வாய்ப்பே இல்லாது போகிறது! அடுத்து வரும் பெரும்பகுதியில் தோர்பின் அடிமையாகப் பண்ணையொன்றில் விற்கப்படுகிறான். காடு வெட்டி, வேர் பிடுங்கி, நிலம் உழுது கோதுமை விதைக்கிறான். போரை எதிர்பார்த்த வாசகர் சிலர் பொறுமையிழந்திருக்கலாம். ஆனால் முதல் எட்டுத் தொகுதிகளில் அவன் வாளுக்கு இரையான பெயரறியா மாந்தர் இங்கே அவன் கனவில் வந்து நிற்கின்றனர். அன்று அவர்களைப் பக்க அலங்காரமாகக் கண்டு கடந்து சென்றவன் வாசகனும்தான். முற்பகுதியின் விறுவிறுப்பை இரசித்ததற்குப் பிற்பகுதியில் வாசகனே கணக்குக் கொடுக்க நேர்கிறது.

காடு வெட்டி நிலமாக்கிய கதை வன்னிக்குப் புதிதன்று. 1977 இலும் 1983 இலும் நிகழ்ந்த வன்செயல்களுக்குத் தப்பி வந்த மலையகக் குடும்பங்கள் வன்னிப் பெருநிலத்தின் பல ஊர்களிற் குடியமர்ந்தன. பூநகரிப் பிரதேசத்திலுள்ள ஜெயபுரம் அத்தகையதோர் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தினின்று தோட்டங்களுக்கு வந்தோரின் வழித்தோன்றல்கள், 1948 இன் சட்டத்தாற் குடியுரிமை மறுக்கப்பட்டோரின் மக்கள், அங்கே மண்வெட்டி பிடித்தனர். 2008 இல் போர் நெருங்கிவர ஊர் வெறுமையாயிற்று; 2009 மே மாதத்திற் போர் முடிந்த பின்னரே மக்கள் மீளமுடிந்தது.

இவ்வரலாற்றைப் புறத்தே நின்று நோக்குவோர், 'மீண்டும் அதே கதை' என்று இரக்கத்தோடு கூறுவதுண்டு. இரக்கம் நல்லது, கூற்று பிழையானது. தோட்டத்து லயத்தை விட்டு ஓடியவர், தமக்குரியதல்லாத கூரையை விட்டு ஓடினர். ஜெயபுரத்தை விட்டு ஓடியவர் தாமே வெட்டிய கிணற்றையும் தாமே நட்ட தென்னையையும் விட்டு ஓடினர். இரண்டும் இடப்பெயர்வே; ஆனால் இடையிலிருந்த கால் நூற்றாண்டு உழைப்பு இரண்டாவதை வேறொன்றாக்கிவிடுகிறது. முன்னதைக் கண்ட கிழவிக்கும் முன்னதைக் கேள்வியால் மட்டுமறிந்த பேரனுக்கும் ஒரே பாதை இரு வேறு பாதைகளாகும். பிற்பகுதியை முற்பகுதியின் மறுபதிப்பாகக் காண்பவன், இடையில் வாழப்பட்ட வாழ்வைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறான். கதையில் இது இரசனைக் குறைபாடு. மனிதர் விடயத்தில் அநீதி.

மக்களின் துன்பத்தைக் கதைப்பகுதிகளோடு ஒப்பிடலாமோ என்னும் வினா இங்கு எழுவது நியாயமே. கதைக்கு ஆசிரியன் உளன். அவன் நட்டத்திற்குப் பொருள் கொடுக்கிறான். வரலாற்றில் அத்தகைய ஆசிரியனில்லை. 1983 ஐ எவரும் 2008 இன் பொருட்டு எழுதிவைக்கவில்லை. ஆதலால் துன்பத்திற் 'சிறந்த பகுதி' தேடுவது அருவருப்பானது. ஒப்பீடு செல்லக்கூடிய எல்லை சிறிது: முன்னர் நிகழ்ந்ததை மறவாமலும், அதனையே திரும்பச் சொல்லாமலும் பின்வருவதைக் காணும் கண் இரண்டிற்கும் வேண்டும் என்னுமளவே. பொன்னர் சங்கரைப் பல இரவு விழித்திருந்து கேட்ட மக்களுக்கு அக்கண் நூல் படித்து வந்ததன்று.

அண்ணன்மார் வீழ்ந்த இடமெனப் போற்றப்படும் மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் ஆண்டுதோறும் மாசி மாதத்திற் படுகளம் நிகழ்கிறது. அருள்வந்த ஆடவர் போரில் வீழ்ந்தோர் போலத் தரையிற் சாய்கின்றனர். தங்காளின் பெயரால் நீர் தெளிக்கப்பட ஒருவர்பின் ஒருவராக எழுகின்றனர். எழுந்தவர் எல்லோரும் அன்று தத்தம் வீடு திரும்புவர். கதையின் அண்ணன்மார் மட்டும் எழுந்தும் நிலையாதவராகவே அடுத்த ஆண்டும் பாடப்படுவர்.