சமூக ஆராய்ச்சியும் நடுவுநிலையும்

மக்கட் கூட்டத்தின் இயல்பினை ஆராயப் புகுந்தோன் தானும் அக்கூட்டத்துள் ஒருவனேயாதலின், விருப்பு வெறுப்பின்றி அதனைக் காண வல்லனோ என்பது மேனாட்டறிஞர் நெடுங்காலமாக வழக்கிட்டுவரும் வினாவாகும். கல்லையும் உலோகத்தையும் ஆராய்வானுக்கு அவற்றின்பால் நட்பும் இல்லை, பகையும் இல்லை. வறுமையையும் குற்றத்தையும் ஆராய்வானோ, அவை தீயன என்று முன்னரே துணிந்துள்ளான். அத்துணிவு அவன்மாட்டுத் திரிபுக் காட்சியை விளைவியாதோ?

ஜெர்மனி நாட்டு மாக்ஸ் வேபர் 1904-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில் இதற்கு விடை பகர்ந்தார். எப்பொருளை ஆராய்வது என்னும் தெரிவு, ஆராய்வான் எதனைப் பெரிதென மதிக்கின்றான் என்பதைப் பற்றியே நிகழும். அதனை விலக்குதல் இயலாது. எனினும், உள்ளது இது என்னும் கூற்று வேறு, இருக்கற்பாலது இது என்னும் கூற்று வேறு. முன்னதினின்று பின்னதைப் பெறுதல் ஆகாது. பின்னதற்கு முன்னதன் வேடம் புனைதலும் ஆகாது. இது சொல்லுதற்கு எளிது, கைக்கொள்ளுதற்கு அரிது. அவ்வருமையினை ஒருவர் வாழ்க்கையில் வைத்துக் காண்டல் நன்று.

அமெரிக்கக் கறுப்பினத்துப் பேரறிஞர் டு பாய்ஸ் என்பாரைப் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் 1896-ஆம் ஆண்டில் பிலதெல்பியா நகருக்கு அழைத்து, அதன் ஏழாம் வட்டத்தில் வாழ்ந்த கறுப்பின மக்களின் நிலையை ஆராயுமாறு பணித்தனர். நகரின் சீர்கேட்டிற்கு அம்மக்களே காரணர் என்பது அந்நாளில் நகரத்தார் பலர்தம் துணிபு. விடையை முன்னே எழுதிவைத்து வினாவைப் பின்னே விடுத்தவாறாயிற்று. டு பாய்ஸ் தாமே வீடு வீடாகச் சென்று, தொழில், வருவாய், வாடகை, கல்வி, நோய், இறப்பு ஆகிய அனைத்தையும் வினவிக் குறித்தார். அவர் நூல் 1899-ல் வெளிவந்தது. தம் இனத்தாரின் குற்றங்களை அவர் மறைத்தாரல்லர். அதற்கெனத் தனி இயலே வகுத்தார். தம் உள்ளக் கோட்டம் தாமறியாமலே ஆராய்ச்சியுட் புகுதல் கூடும் என அஞ்சுதல் வேண்டும் என்பதனையும் நூன்முகத்திலேயே கூறினார். கறுப்பினத்தார் செய்யற்பாலன, வெள்ளையர் செய்யற்பாலன என்னும் இரண்டனையும் இறுதி இயலிற் பிரித்து வைத்தார். வேபர் விதி எழுதுதற்கு ஐந்தாண்டு முன்னரே அதன் இலக்கியம் அமெரிக்காவில் தோன்றிவிட்டது எனலாம்.

இனி, அந்நூலில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. ஆங்கில வழக்கில் ஓர் இனத்தின் பெயரைப் பேரெழுத்தால் தொடங்குதல் மரபு. அந்நாளில் நீகிரோ என்னும் பெயரை மட்டும் பலர் சிற்றெழுத்தாலே எழுதிவந்தனர். டு பாய்ஸ் நூல் முழுதும் பேரெழுத்தே வழங்கினார். எண்பது இலட்சம் அமெரிக்கர் ஒரு பேரெழுத்துக்கு உரியர் என்பதே அவர் காட்டிய காரணம். இவ்வேறுபாடு இல்லாத தமிழ் நெடுங்கணக்கை உடையார்க்கு இப்பூசல் சிறிது வியப்பாகவே தோன்றும். ஆயினும், எவ்வெழுத்தை எழுதினும் ஒரு பக்கஞ் சார்ந்தவாறேயாம். இரண்டிற்கும் நடுவே மூன்றாவதோர் எழுத்து இல்லை.

அற்றேல், ஓரெழுத்திலேயே சார்பு புகுமாயின் அவர்தம் கணக்கும் சார்புடையதே எனின், அன்று. நோயாளி பிழைத்தல் வேண்டும் என விரும்பும் மருத்துவன் அவ்விருப்பம் பற்றி நாடியைப் பொய்யாக உரையான். அவ்விருப்பத்தினாலேயே மும்முறை தொட்டுப் பார்ப்பான்.

ஆயினும் எண்களை முற்றும் நம்புதலும் ஆகாது. பிரான்சு நாட்டு எமில் துர்க்கைம் தற்கொலை பற்றி 1897-ல் வெளியிட்ட நூல் அரசாங்கத்தார் தொகுத்த எண்களை அடிப்படையாகக் கொண்டது. தற்கொலை பெரும்பழி எனக் கொள்ளப்படும் இடத்தில் அச்சாவு வேறு சாவாக எழுதப்படுதல் கூடும் எனப் பின்வந்தோர் தடை நிகழ்த்தினர். எண்ணுவோன் செம்மையுடையனாயினும், அவன் கைக்கு வருமுன்னரே எண் சாய்ந்திருத்தல் கூடும்.

இவற்றினும் பெரிய தடை ஒன்று டு பாய்ஸ் முன் வந்து நின்றது. அவர் அட்லாண்டாவில் ஆசிரியராயிருந்த காலத்து, 1899 ஏப்ரலில், குற்றஞ்சாட்டப்பட்ட சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத்தவனை ஒரு கும்பல் விசாரணையின்றி எரித்துக் கொன்றது. டு பாய்ஸ் உண்மை நிலையை அமைதியாக எழுதிக்கொண்டு செய்தித்தாள் அலுவலகம் நோக்கி நடந்தார். கொல்லப்பட்டவனுடைய விரற்கணுக்கள் அத்தெருவிலுள்ள மளிகைக் கடையொன்றிற் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன என்று வழியிற் கேட்டார், திரும்பிவிட்டார். இதனைப் பின்னாளில் அவரே எழுதினார். உலகம் அறியாமையாற் பிழை செய்கின்றது, அறிவித்தால் திருந்தும் என்பது அதுகாறும் அவர் கொண்டிருந்த நம்பிக்கை. அறிய விரும்பாதார்க்கு அறிவித்தல் யாங்ஙனம்?

நடுவுநிலை ஆராய்ச்சியின் அடிநிலை ஈண்டுப் புலனாகும். உண்மை அறியத்தக்கது என்னும் மதிப்பு ஆராய்வானிடத்தும் கேட்பானிடத்தும் முன்னரே இருத்தல் வேண்டும். அதனை ஆராய்ச்சி தோற்றுவியாது. வேபரும் 1917-ல் மியூனிக் நகரில் ஆற்றிய உரையில், அறிவியலின் பயன் அறியத்தக்கது என்பதனை அவ்வறிவியலாலேயே நாட்டல் இயலாது என ஒப்புக்கொண்டார்.

1910-ல் டு பாய்ஸ் கல்லூரிப் பணியை விடுத்து, கறுப்பின மக்களின் உரிமைக்கெனத் தோன்றிய சங்கத்தின் திங்களிதழ்க்கு ஆசிரியரானார். அச்சங்கத்தார் எண்ணுதலை விட்டாரல்லர். 1889 முதல் 1918 வரை அந்நாட்டிற் கும்பல்களாற் கொல்லப்பட்டோரை நாள், இடம், சாட்டப்பட்ட குற்றம் என்னும் இவற்றோடு நிரல்பட எழுதி 1919-ல் நூலாக வெளியிட்டனர். அந்நூலிற் கண்ட தொகை 3,224.