நீட்டிப் படுப்பது பற்றி

பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பது நம்மிடையே புழங்கும் வாக்கு. இதன் இரண்டாம் பாதியில் ஒரு சமத்துவக் கொள்கை இருக்கிறது. விழித்திருக்கையில் மனிதர்களுக்குள் இருக்கும் பேதங்கள் தூக்கத்தில் இல்லை. பஞ்சு மெத்தையில் கிடப்பவனுக்கும் திண்ணையில் துண்டை விரித்தவனுக்கும் கண் அயர்ந்த பின் ஒரே இருள்தான். ஏழையைச் சமாதானப்படுத்தச் சொன்னது என்று இதைச் சந்தேகிக்கலாம். சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் வாக்கு முழுப் பொய்யும் அல்ல. திண்ணையில் படுத்தவனும் படுத்துத்தான் இருக்கிறான். காலை நீட்ட ஆறடித் தரை எல்லோருக்கும் உண்டு என்பதை வாக்கு சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. அந்த ஆறடி எல்லோருக்கும் இல்லாத இடத்தில் வாக்கின் கதி என்ன என்பதை, இரவு முழுவதும் பறக்கும் விமானத்தில் பார்க்கலாம்.

நம் பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் விமானம் தரையிறங்கிய பிறகே ஆரம்பிக்கின்றன. இடையில் கழிந்த இரவு எழுதத் தகுதியற்றதாகி விடுகிறது. எழுதினாலும் பரிமாறிய சாப்பாட்டைப் பற்றி இரண்டு வரி. உண்மையில் அந்த இரவு ஒரு சிறு சமூகத்தின் இரவு. முந்நூறு பேருக்கு ஒரே கூரை, ஒரே காற்று, ஒரே ஆபத்து, போய்ச்சேர ஒரே நேரம். இவ்வளவும் பொதுவாக இருக்கையில் ஒன்று மட்டும் பணத்துக்குத் தக்கபடி பங்கிடப்படுகிறது. அது உடம்பைக் கிடத்தும் உரிமை.

பிஸினஸ் கிளாஸ் பிறந்த விதத்தை நினைவில் கொள்வது நல்லது. 1970களில் சலுகைக் கட்டணங்கள் பெருகின. முழுக் கட்டணம் கொடுத்து உத்தியோக நிமித்தம் போகிறவன், அதில் ஒரு பங்கே கொடுத்து ஊர் சுற்றப் போகிறவனுக்குப் பக்கத்தில், அதே மாதிரி ஸீட்டில் உட்கார வேண்டி வந்தது. அவனைத் தனியே பிரித்து உட்காரவைக்கும் ஏற்பாடாக 1978, 1979 வாக்கில் பல கம்பெனிகள் இந்த நடுவகுப்பை உண்டாக்கின. சில கம்பெனிகளில் ஆரம்பத்தில் ஸீட்கூட மாறவில்லை. திரைதான் முதலில் வந்தது. திரைக்குள் என்ன தருவது என்ற யோசனை பிறகு வந்தது. குறைவாகக் கொடுத்தவன் பக்கத்தில் இல்லாமல் இருப்பதே முதல் சரக்கு.

அதற்குப் பின் இருபது வருஷங்கள் திரைக்குள் வந்தவை அளவில்தான் வேறுபட்டன. கொஞ்சம் அகலமான ஸீட், கொஞ்சம் மேலான மது, பீங்கான் தட்டு. இவை பொறாமைக்குரியவையாக இருக்கலாம். அறம் சார்ந்த கேள்வி எதையும் புதிதாக எழுப்புபவை அல்ல. 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஏர்வேஸ் தன் பிஸினஸ் கிளாஸில் முற்றிலும் படுக்கையாக மாறும் ஸீட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். முன்பு முதல் வகுப்பில் சிலருக்கு மட்டும் வாய்த்தது இப்போது ஒரு பெரும் பகுதிக்கு விரிந்தது. விரிந்ததும் பேதம் அளவிலிருந்து வகைக்கு மாறிவிட்டது. நல்ல சாப்பாடும் சுமாரான சாப்பாடும் இரண்டும் சாப்பாடுதான். படுப்பதும் உட்காருவதும் அப்படியல்ல.

எமானுவேல் லெவினாஸ் 1947இல் வெளியிட்ட நூலொன்றில் தூக்கத்தை இடத்தோடு பிணைத்துப் பேசுகிறார். ஜெர்மானியரின் போர்க் கைதி முகாமில் இருந்தபோது பெரும்பகுதி எழுதப்பட்ட நூல் அது. படுத்தல் என்பது ஓர் இடத்திடம் தன்னை ஒப்படைத்தல் என்ற பொருளில் அவர் சிந்தனை செல்கிறது. உட்கார்ந்து தூங்குபவனைக் கவனித்தால் இது விளங்கும். அவன் கழுத்து தூங்குவதில்லை. தலை சாயும்போதெல்லாம் அதைப் பிடித்து நிறுத்த உடம்பின் ஒரு பகுதி காவல் நிற்கிறது. ஸீட்டுக்கு ஸீட் 31, 32 அங்குலம் உள்ள வரிசையில் அவன் முழங்கால் முன்னவன் முதுகைக் காவல் காக்கிறது. அவன் ஒரு இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறான். எந்த இடத்திடமும் அவன் தன்னை ஒப்படைக்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பகுதிக்கு இடையில் எங்கும் நிற்காமல் போகும் விமானத்தை எடுத்துக்கொள்வோம். தூரம் 15,300 கிலோமீட்டருக்கு மேல். நேரம் ஏறக்குறைய 18 மணி. 2008 முதல் 2013 வரை சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இந்தத் தடத்தில் 100 ஸீட்கள் மட்டும் கொண்ட விமானத்தை விட்டது. அத்தனையும் பிஸினஸ் கிளாஸ். 2018இல் மீண்டும் தொடங்கியபோது மொத்தம் 161 ஸீட்கள்: 67 பிஸினஸ், 94 'பிரீமியம் எகானமி'. சாதாரண எகானமி என்பதே இல்லை. அதாவது இந்தத் தூரத்தைச் சாதாரண ஸீட்டில் ஒருவனை உட்காரவைத்துக் கடத்துவது உசிதமல்ல, அல்லது லாபமல்ல, என்று கம்பெனியே கருதியிருக்கிறது. இருந்தும் அந்த 94 பேர் உட்கார்ந்துதான் போகிறார்கள். அதே விமானத்தில் மூன்றாவதாக ஒரு தூக்கமும் இருக்கிறது. பிரயாணிகள் பார்க்காத இடத்தில் விமானிகளுக்கும் சிப்பந்திகளுக்கும் படுக்கைகள் உண்டு. முறைவைத்து அவர்கள் போய்ப் படுக்கிறார்கள். இது சலுகை இல்லை, விதி. இவ்வளவு நேரம் பறந்தால் இவ்வளவு ஓய்வு என்று சட்டம் வகுத்திருக்கிறது.

இந்த மூன்றாவது தூக்கம் நமக்கு ஓர் அளவுகோல் தருகிறது. விமானி படுப்பதை யாரும் ஆட்சேபிப்பதில்லை. அவர் விழிப்பில் நம் உயிர் இருக்கிறது. ஆகவே அவர் தூக்கம் எல்லோருக்கும் சொந்தமானது. இங்கே படுக்கை தேவையினால் வருகிறது. பிஸினஸ் கிளாஸ் படுக்கை எதனால் வருகிறது? பொதுவாக மூன்று சமாதானங்கள் சொல்லப்படுகின்றன.

முதலாவது, என் பணம், என் இஷ்டம் என்பது. இதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் இது ஒரு காரணமே அல்ல. பணம் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதுதான் கேள்வி. மைக்கேல் வால்ஸர் 1983இல் எழுதிய நூலில், ஒவ்வொரு நன்மைக்கும் அதற்கே உரிய பங்கீட்டு நியாயம் உண்டு, பணம் எல்லா எல்லைகளையும் தாண்டுவதே கொடுமை என்று வாதிடுகிறார். தூக்கம் மதுவின் வரிசையில் சேருமா, மருந்தின் வரிசையில் சேருமா என்பதை முடிவு செய்யாமல் 'என் பணம்' என்று பேசுவது கேள்வியைத் தாண்டிக் குதிப்பது.

இரண்டாவது சமாதானம் கனமானது. முன்னால் படுத்திருப்பவன் கொடுக்கும் பணத்தில்தான் பின்னால் இருப்பவன் டிக்கெட் மலிவாகிறது என்பது. 1971இல் ஜான் ரால்ஸ் வகுத்த கோட்பாட்டின் சாயல் இதில் இருக்கிறது: ஏற்றத்தாழ்வு மிகக் கீழே இருப்பவனுக்கு நன்மை செய்தால் மட்டுமே அது நியாயம். ரால்ஸ் பேசியது ஒரு சமூகத்தின் அடிப்படை அமைப்பைப் பற்றி, விமானத்தைப் பற்றி அல்ல. இருந்தாலும் அளந்து பார்க்கலாம். முன்பகுதியின் வருமானம் இல்லாமல் பல நீண்ட தடங்கள் நடக்கவே நடக்காது என்பது மெய். ஆனால் ரால்ஸ் இன்னொன்றும் கேட்பார்: கீழே இருப்பவனின் நிலையை இதைவிட மேலாக்கும் வேறு ஏற்பாடு இல்லையா? விமானத்தில் பங்கிடப்படுவது பணம் அல்ல, தளத்தின் பரப்பு. ஒரு படுக்கை பல ஸீட்களின் இடத்தை விழுங்குகிறது. உலக வங்கிக்காகச் செய்யப்பட்ட 2013ஆம் வருஷத்து ஆய்வு ஒன்று, இந்த இடக் கணக்கை வைத்தே, பிஸினஸ் பிரயாணியின் தலைக்கு விழும் கரிப்புகை எகானமிப் பிரயாணியுடையதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு என்றது. ஆகவே மிகக் கீழே இருப்பவன் யார் என்று தேடினால் அவன் கடைசி வரிசையில் இல்லை. அவன் விமானத்திலேயே இல்லை. தன் வயலிலோ கடற்கரையிலோ இருக்கிறான். அவனுக்கு எந்த டிக்கெட்டும் மலிவாகவில்லை.

மூன்றாவது, காலையில் எனக்கு வேலை இருக்கிறது என்பது. இதுதான் விமானியின் நியாயத்தை இரவல் வாங்கும் வாதம். என் விழிப்பும் முக்கியமானது, எனவே என் தூக்கத்துக்கும் படுக்கை வேண்டும். யாருக்கு முக்கியம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடுகிறது. படுக்கையில் இருப்பவர்களில் கணிசமானவர்கள் தங்கள் பணத்தில் வந்தவர்கள் அல்ல, கம்பெனி அனுப்பியவர்கள். கம்பெனி வாங்கியது அவர்களுடைய காலை நேரத்து மூளையை. அதற்காக இரவையும் சேர்த்து வாங்கியிருக்கிறது. ராஜபோகம் என்று பின்வரிசை நினைப்பது ஒருவகையில் இரவு ஷிப்ட். தூங்குவதும் உத்தியோகமாகிவிட்ட ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படுவதா, பரிதாபப்படுவதா?

இதற்கு எதிரில் இன்னொரு ஆளை நிறுத்துவோம். மகளின் பிரசவத்துக்காகச் சென்னையிலிருந்து கிளம்பி, துபாயில் விமானம் மாறி, நியூயார்க் போகும் அறுபத்தைந்து வயது அம்மா. இரண்டாவது விமானத்தில் மட்டும் 14 மணி நேரம். முழங்கால் வலி, கால் வீக்கம், பாத்ரூம் போக இரண்டு பேரை எழுப்பக் கூச்சம். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வாள். அவளுடைய காலைக்கும் வேலை இருக்கிறது: பத்திய சமையல், குழந்தையைக் குளிப்பாட்டுதல். அந்த வேலைக்குச் சம்பளம் இல்லை, ஆகவே அதற்கு முந்தின இரவுக்குப் படுக்கை இல்லை. அடுத்த மாதம் அவளுடைய மாப்பிள்ளையே இதே தடத்தில், கம்பெனி செலவில், நீட்டிப் படுத்துப் போகக்கூடும். அவர் கெட்டவர் அல்ல. மாமியாருக்கும் அப்படி டிக்கெட் எடுத்திருக்கலாமே என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியிருக்கும், விலையைப் பார்த்திருப்பார். தேவையும் படுக்கையும் ஒரே குடும்பத்துக்குள்ளேயே ஒன்றையொன்று சந்திக்காமல் கடந்துபோகின்றன. இதில் குற்றவாளி யார் என்று விரல் நீட்ட முடியாது என்பதே இந்த விஷயத்தின் கடினம்.

விரல் நீட்ட முடியாததால்தான் திரை தேவைப்படுகிறது. 2016இல் டிசெல்ஸ், நார்ட்டன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள், முதல் வகுப்பு உள்ள விமானங்களில் எகானமிப் பிரயாணிகளின் ரகளை அதிகம் என்றும், முன்பகுதி வழியாக நடந்து போக நேர்ந்தால் இன்னும் அதிகம் என்றும் எழுதினார்கள். அந்தக் கணக்கைப் புள்ளியியலாளர்கள் சிலர் மறுத்தார்கள். கணக்கு எப்படியும் போகட்டும். பின்னால் இருப்பவனுக்குக் கோபம் வருகிறதா என்று மட்டும் ஆராய்வதே ஒருதலைப்பட்சம். முன்னால் இருப்பவனுக்கு என்ன நேர்கிறது என்பதும் கேள்விதான். எல்லோரும் ஏறி முடிக்கும் வரை அவன் தம்ளரைப் பிடித்தபடி எதையோ படிப்பதுபோல் இருக்கிறான். கடந்துபோகும் கண்களைத் தவிர்க்கிறான். அந்தத் தவிர்ப்பில் வெட்கம் இருக்கிறது. இரண்டு பகுதிகளுக்கும் இடையே மிஞ்சியிருக்கும் ஒரே மனித உறவு அந்த வெட்கம்தான். நடுக்கதவு வழியாக ஏற்றி, முன்பகுதியினரை இடப்பக்கமும் மற்றவர்களை வலப்பக்கமும் திருப்பிவிடும் விமானத்தில் அதுவும் மிச்சமில்லை.

படுக்கையை மறுத்துவிடுவது வழியாகுமா? ஒருவன் மறுத்தால் அந்த இடத்தில் முழங்கால் வலிக்காரி வந்து படுக்கப்போவதில்லை. வேறொரு மானேஜர் படுப்பான். தனிமனிதத் துறவு இங்கே தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வதில் முடியும். தூங்குகிறவன்மேல் பழி போடுவதும் வீண்; தூக்கத்துக்கு மனசாட்சி இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இருக்கையைப் படுக்கையாக்கியதன் மூலம் விமானக் கம்பெனிகள் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிட்டன: மனிதன் உட்கார்ந்து தூங்கும் பிராணி அல்ல. ஒப்புக்கொள்ளாத வரையில் எல்லோரையும் உட்காரவைத்தது இயலாமை. ஒப்புக்கொண்ட பிறகு சிலரைப் படுக்கவைத்து மற்றவர்களை உட்காரவைப்பது தீர்மானம்.

இயலாமை என்றும் சொல்ல முடியாது. நம் ரயிலைப் பாருங்கள். அதன் வகுப்புப் பேதங்கள் பிரசித்தம். முன்பதிவில்லாப் பெட்டியின் நரகத்தை மறைக்க வேண்டியதும் இல்லை. ஆனாலும் இரண்டாம் வகுப்புத் தூங்கும் பெட்டியில், இரவானதும் நடு பெர்த்தைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிவிட்டால், பகலில் மூவர் உட்கார்ந்திருந்த இடத்தில் மூவர் படுக்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் இதற்கும் காற்றில் பேதம், மெத்தையில் பேதம். கிடையில் பேதம் இல்லை. இரவு என்றால் படுக்க வேண்டும் என்பதை அந்த இரும்புச் சட்டம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. அடுக்கிப் படுக்கவைக்கும் யோசனை விமானத்துக்கும் எட்டாததல்ல. எகானமிப் பிரயாணிகளுக்காக ஆறு படுக்கைகள் கொண்ட ஓர் அடுக்கை ஏர் நியூஸிலாந்து 2020இல் அறிவித்தது. நான்கு மணி நேரம் என்று கணக்கிட்டு அதை விற்பது அதன் திட்டம். இதுவும் விற்பனைதான். ஆனால் பின்பகுதியிலும் முதுகெலும்பு உள்ளவர்கள் இருக்கிறார்கள் என்ற ஒப்புதல் அதில் இருக்கிறது.

படுக்கை கிடைத்தவன் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அது சிறியது. அது தனக்குத் தகுதியால் வந்தது என்று நம்பாமலிருப்பது. அம்மாதிரி நம்பிக்கைதான் திரையைவிடத் தடிமனானது. ஓர் இரவு உட்கார முடியாத முதுகு தன்னுடையது மட்டும் என்று நினைக்கத் தொடங்குகிறவன், தரையிறங்கிய பிறகும் அப்படியே நினைப்பான்: ஆஸ்பத்திரியில், பள்ளிக்கூட வாசலில், தண்ணீர் லாரிக்கு முன்னால். விமானத்தில் அவனைக் கவனித்தால் ஒரு விசித்திரமும் தெரியும். இவ்வளவு விலை கொடுத்த இரவைத் தூங்கித் தொலைப்பதா என்று அவனுக்குத் தோன்றிவிடுகிறது. இன்னொரு தம்ளர், இன்னொரு படம், நடு ஜாமத்தில் ஒரு சாப்பாடு. வாங்கியதை அனுபவித்தாக வேண்டிய கட்டாயத்தில், மெத்தை விரித்திருக்க, அவன் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறான்.