யார் சமைக்கிறது?

நீரிழிவு என்பது புத்தகத் தமிழ். கோலசிலாங்கூரில் தொடங்கி செகிஞ்சான் வரைக்கும் எங்கள் பக்கத்தில் அதற்கு இனிப்புநீர் என்றுதான் பெயர். "அவருக்கு இனிப்புநீர், கால் விரலை எடுத்துட்டாங்க" என்று சொல்லும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை. அடுத்து வருவதைத்தான் மெதுவாகச் சொல்வார்கள்: "வாயைக் கட்டத் தெரியல." நோய் வந்தவர்மீது இரக்கப்படும் அதே வாய், அவருடைய ஒழுக்கத்துக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு நியாயமானதுதானா என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். ஒரு சமூகத்தில் இத்தனை பேருக்கு ஒரே சமயத்தில் மன உறுதி இல்லாமல் போயிருக்குமா? தெற்காசிய உடம்புக்கு இந்த நோய் எளிதில் வரும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் அந்த உடம்பு எப்படி வாழ்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இந்த நாட்டில் தமிழர்களுக்கும் சீனிக்கும் உள்ள உறவு ரப்பருக்கு முந்தையது. 19ஆம் நூற்றாண்டில் நம்மவர்கள் கூலிகளாக இறக்கப்பட்ட இடங்களில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களும் உண்டு. சிட்னி மின்ட்ஸ் என்ற மானுடவியலாளர் 1985இல் சீனியின் வரலாற்றை எழுதினார். ஒரு காலத்தில் பணக்காரர் வீட்டு ஆடம்பரமாக இருந்த சீனி, பிரிட்டனின் ஆலைத் தொழிலாளிக்கு மலிவான கலோரியாக மாறிய கதை அது. சூடான இனிப்புத் தேநீர் பசியை அடக்கும், வேலையும் நிற்காது. இங்கேயும் அதுதான் நடந்தது. என் பாட்டி புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும்போது ஒரு போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோவாராம். "சீனி தூக்கலா இருந்தாத்தான் பத்து மணி வரைக்கும் தாங்கும்" என்பார். அவருக்கு அது தின்பண்டம் இல்லை, எரிபொருள்.

பாட்டியின் மகன், என் அப்பா, செகிஞ்சானில் நெல் லாரி ஓட்டினார். நாள் முழுக்க உட்கார்ந்தே செய்யும் வேலை. நான் ஷா ஆலாமில் கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் பொறியாளர். மூன்று தலைமுறையில் உடல் உழைப்பு போய்விட்டது, தேத்தண்ணியின் இனிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. டின் பால் ஊற்றிய தே தாரேக், மைலோ, சாயங்காலம் பிஸ்கட், கடையில் வாங்கிய கூய் என்று கூடவும் செய்திருக்கிறது.

"அவரவர் தேர்வு, அரசாங்கம் ஏன் தலையிடணும்?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். அரசாங்கத்தின் கை எப்போது நம் கிளாஸில் இல்லாமல் இருந்தது? 2013 அக்டோபர் 26இல் உதவித்தொகை நிறுத்தப்படும்வரை ஒரு கிலோ சீனிக்கு 34 காசு அரசாங்கம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆறு வருடத்துக்குள், 2019 ஜூலை 1 முதல், 100 மில்லி லிட்டரில் 5 கிராமுக்கு மேல் இனிப்புள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 325 மில்லி டின்னுக்குக் கணக்குப் போட்டால் அப்போது 13 காசு. நூறு மில்லியில் 10 கிராம் இனிப்புள்ள பானம் என்றால் அந்த ஒரே டின்னில் 32 கிராமுக்கு மேல் சீனி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் சொல்லியிருந்தது. வரி வேண்டியதுதான். ஆனால் கடையில் கலக்கும் தேத்தண்ணியை அந்த வரி தொடாது. நம் வீட்டு அடுப்பங்கரைக்கும் அது வராது.

சரி, வரலாறும் விலையும்தான் காரணம் என்றால் நம்மிடம் பொறுப்பே இல்லையா? அப்பா இந்த வாதத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்வார். "சீனியிலயே வளந்த உடம்புப்பா இது, இப்ப மாத்தச் சொன்னா கேக்குமா?" அவர் வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை. பழியும் பொறுப்பும் வேறு வேறு என்பது எனக்கு அங்கேதான் பிடிபட்டது. பழி நடந்து முடிந்ததைப் பற்றியது. அப்பாமேல் அதைச் சுமத்த எனக்கு மனம் வரவில்லை, நியாயமும் இல்லை. பொறுப்போ நாளைக் காலையைப் பற்றியது. கூரையில் ஓட்டை விழுந்தது யாரால் என்று தெரியாவிட்டாலும், வீட்டில் இருப்பவர்கள்தான் அடைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் என்று சொல்கிறோம். அது யார்?

ஒருமுறை அப்பாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தோம். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்த தாதி கேட்டார்: "வீட்டுல யார் சமைக்கிறது?" அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தாதி நல்லவர்தான், கேட்டதும் தேவையான கேள்விதான். ஆனாலும் நூற்றைம்பது வருடக் கதை ஒரு நொடியில் அம்மாவின் தலையில் இறங்கியதை நான் பார்த்தேன். வரகாபேயில் அப்பா குடித்த தே தாரேக்கை அம்மாவா கலக்கினார்?

ஆரோக்கியமாகச் சாப்பிடத் திட்டமிடுங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். திட்டம் என்பதும் வேலைதான். ஏழு நாளுக்கு என்ன கறி, என்ன கீரை, பாகானில் மீன் எப்போது வாங்குவது, சோற்றைக் குறைத்தால் அப்பாவின் பசிக்கு என்ன வைப்பது, இவ்வளவையும் ஒருவர் யோசிக்க வேண்டும். கூடவே கேலியையும் சிடுசிடுப்பையும் தாங்க வேண்டும். சீனியைக் குறைப்பது அப்பாவின் தியாகமாகப் பேசப்படுகிறது. அதற்கான உழைப்பு அம்மாவின் கடமையாகிவிடுகிறது. இது எந்த ஊர் அறம்? எங்கள் வீட்டில் இப்போது வாரப் பட்டியலை நான் எழுதுகிறேன். காய்கறி வாங்குவது தம்பி. அப்பா தன் தேத்தண்ணியைத் தானே கலக்குகிறார். தன் கையால் அள்ளும்போதுதான் எத்தனை கரண்டி என்று தெரிகிறது. மூன்று இப்போது ஒன்றாகியிருக்கிறது, சில நாள் ஒன்றரை.

அம்மாவிடம் ஒரு விஷயத்தில் மட்டும் நான் ஜெயிக்கவில்லை. "வந்தவங்களுக்கு சீனி இல்லாத தண்ணி குடுத்தா, வராதேன்னு சொல்ற மாதிரி இல்ல?" இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. இல்லாத வீட்டிலும் விருந்தாளிக்குச் சீனி இருந்தது என்பது எங்கள் மக்கள் காப்பாற்றி வந்த மரியாதை. அந்த மரியாதை போக வேண்டியதில்லை. சீனிக் கிண்ணத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும், வேண்டியவர்கள் போட்டுக்கொள்வார்கள். கோயில் திருவிழாவில் ரோஸ் சிரப் பீப்பாய்க்குப் பக்கத்தில் வெறும் தண்ணீர்ப் பீப்பாயும் ஒன்று நிற்கலாம். யாருடைய கையிலிருந்தும் எதையும் பிடுங்கவில்லை. கேட்காமலே ஊற்றிக் கொடுக்கும் வழக்கத்தை மட்டும் மாற்றுகிறோம்.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரத்தில் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைத்தான் பேசுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் உண்பவர் ஒருவர் மட்டுமே என் கண்முன் வருவார். இப்போது அவருக்குச் சமைத்துப் போடுகிறவரும் தெரிகிறார். 'யார் சமைக்கிறது?' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பெயர் பதிலாக வரும் வீட்டில், வாயைக் கட்டச் சொல்லும் உரிமை மற்றவர்களுக்கு இல்லை என்று நினைக்கிறேன்.